குடுவைச் செடிக்குக் கடற்காற்று பிடிக்கும், குழாய்த் தண்ணீர் பிடிக்காது: புதுச்சேரி, கடலூர் வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் செம்பருத்தி, நந்தியாவட்டை, கறிவேப்பிலை எல்லாம் தழைத்து நிற்கும். அந்தத் தைரியத்தில் ஆறு ஆண்டுகளுக்கு முன், பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடி ஒன்றை வாங்கினேன். செம்மண், ஆற்று மணல், மக்கிய சாணம் மூன்றையும் கலந்து நட்டேன். தினமும் காலையில் போர்த் தண்ணீர், வாரம் ஒரு முறை அரிசி களைந்த நீர். மூன்றாவது வாரத்தில் குடுவைகள் காய்ந்தன. ஐந்தாவது வாரத்தில் இலை ஓரங்கள் கருகின. இரண்டு மாதம் முடிவதற்குள் பிடுங்கிப் போட்டேன். செம்பருத்திக்கு விருந்தாக இருந்த அத்தனையும் இதற்கு நஞ்சாக இருந்திருக்கிறது.

குடுவைச் செடிகளின் தாயகம் பெரும்பாலும் தென்கிழக்கு ஆசியா. போர்னியோவின் வெண்மணற்காடுகள், சுமத்ராவின் கரிச்சதுப்புகள் போன்ற சத்தில்லாத நிலங்களில் அவை வளர்கின்றன. மண்ணில் கிடைக்காத நைட்ரஜனையும் பாஸ்பரசையும் பூச்சிகளிடமிருந்து இலை வழியாகச் சம்பாதிக்கும் ஏற்பாடுதான் குடுவை. வேர் மெல்லியது, கறுப்பானது, எளிதில் முறியும். உப்பையும் உரத்தையும் தாங்கும் பழக்கம் அதற்குக் கிடையாது.

புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்குப் பாதி வேலையை வானிலையே செய்து தருகிறது. பெங்களூர் நண்பர்கள் ஈரப்பதத்துக்காகக் கண்ணாடிப் பெட்டியும் நீர்ப்புகை விடும் கருவியும் வாங்குகிறார்கள். நமக்குக் கடல் அதை இலவசமாக அனுப்புகிறது. மார்கழியிலும் இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. மறுபாதியை அதே கடல் கெடுக்கிறது: கரையோரத் தெருக்களின் நிலத்தடி நீரில் உப்பு ஏறிக் கிடக்கிறது. அதனால் இங்கே தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

செடியைப் பற்றிக் கொஞ்சம்

இதன் தாவரப் பெயர் நெப்பந்தஸ். பள்ளிப் பாடத்தில் பூச்சியுண்ணும் தாவரம் என்று படித்த அதே செடி. கிரேக்கக் கவிஞர் ஹோமரின் காவியத்தில் ஹெலன் மதுவில் கலந்து கொடுக்கும், துயரை மறக்கச் செய்யும் மருந்தின் பெயரை ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு வைத்தார். ஆனால் ஐரோப்பியர்களில் இதைப் பற்றி முதலில் எழுதியவர் அவர் இல்லை. மடகாஸ்கரில் பிரெஞ்சு ஆளுநராக இருந்த எத்தியென் தெ ஃப்ளக்கூர் 1658ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். பிரெஞ்சுக்காரர்கள் நம் புதுச்சேரியில் காலூன்றுவதற்கு முன்பு நடந்தது அது.

குடுவையைப் பூ என்று நினைப்பவர்கள் அதிகம். அது இலையின் நுனி. இலையின் நடுநரம்பு நீண்டு பற்றுக்கம்பியாகிறது. அதன் முனை வீங்கி, உள்ளே திரவம் சுரந்து, கடைசியில் மூடி திறக்கிறது. திறந்த மூடி மறுபடி மூடாது. பூச்சி விழுந்ததும் 'டப்' என்று மூடிக்கொள்ளும் என்று நினைத்துக்கொண்டு மணிக்கணக்காகக் காத்திருந்த குழந்தைகளை எனக்குத் தெரியும். மழைநீர் உள்ளே போய்த் திரவத்தை நீர்க்கவிடாமல் தடுக்கும் குடைதான் அந்த மூடி. பூச்சியைப் பிடிக்கும் வேலை வாய்விளிம்புக்கு உரியது. அதில் தேன் சுரக்கிறது. ஈரம் பட்டால் அதன் மேல் மெல்லிய நீர்ப்படலம் படிகிறது. எறும்பின் கால் அதில் பிடிமானம் இல்லாமல் வழுக்குகிறது. உள்ளே விழுந்தால் மெழுகு பூசிய சுவர், அதற்குக் கீழே செரிமானத் திரவம்.

படி 1: சரியான இனத்தைத் தேர்ந்தெடுங்கள்

நெப்பந்தஸ் இனங்களைத் தாழ்நிலத்தவை, மலைநிலத்தவை என்று இரண்டாகப் பிரிப்பார்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தை எல்லையாக வைத்துக்கொள்ளலாம். மலைநிலச் செடிகளுக்குப் பகலில் மிதமான வெயிலும் இரவில் குளிர்ச்சியும் வேண்டும். இரவு 18 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் பலவற்றுக்கு நிம்மதி. மே மாதத்தில் நம் ஊரில் நள்ளிரவிலும் மின்விசிறிக்கடியில் வியர்க்கும். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் அவற்றை வளர்க்கட்டும். படத்தைப் பார்த்து மயங்கி நெப்பந்தஸ் ராஜாவை வாங்கி வந்தால் இரண்டு கோடையைத் தாண்டாது.

தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை ஒன்றே ஒன்று: வெண்ட்ரிகோசா, அலாட்டா என்ற இரு இனங்களின் கலப்பான வெண்ட்ராட்டா. நாற்றுப் பண்ணைகளில் 'பிட்சர் பிளான்ட்' என்று பெயர் ஒட்டித் தொங்கவிட்டிருப்பது பெரும்பாலும் இதுதான். இடுப்பு ஒடுங்கி, அடி பருத்து, இளஞ்சிவப்பாக இருக்கும். வெயில், குளிர், மறதி எல்லாவற்றையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். அடுத்ததாக, நம் புழுக்கத்தைச் சொந்த ஊர்போல உணரும் தாழ்நில இனங்கள்: மிராபிலிஸ், கிராசிலிஸ், ராஃப்ளேசியானா, ஆம்புல்லாரியா.

கடைசியாகச் சொன்ன ஆம்புல்லாரியாவிடம் எனக்குத் தனிப் பிரியம். உருண்டை உருண்டையாகக் குடுவைகள் தரையில் கும்பலாக உட்கார்ந்திருக்கும், கொலு வைத்த செப்புச் சாமான்கள்போல. அதன் மூடி பின்னால் மடங்கியிருக்கும். மேலே மரங்களிலிருந்து உதிரும் சருகு உள்ளே விழட்டும் என்பதற்காக. பூச்சியைவிடச் சருகை நம்பிப் பிழைக்கும் அரைச் சைவம் அது. மலேசியாவில் குடுவைச் செடிக்குக் குரங்குப் பானை என்று பொருள்படும் பெயர் உண்டு. அதன் குடுவைகளில் ஒட்டரிசியும் தேங்காய்ப் பாலும் நிரப்பி வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள். நான் முயன்று பார்க்கவில்லை. ஒரு குடுவை வருவதற்கே இரண்டு மாதம் தவம் கிடக்கிறேன்.

இந்தியாவுக்கே உரிய ஒரே இனம் நெப்பந்தஸ் காசியானா. மேகாலயாவின் காசி, காரோ, ஜெயந்தியா மலைகளில் வளர்வது. அழிவின் விளிம்பில் இருக்கும் செடி. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அருகிவரும் உயிரினங்களின் வணிகம் குறித்த சர்வதேச உடன்படிக்கையும் இதைப் பாதுகாக்கின்றன. யாராவது 'மலையிலிருந்து நேராகக் கொண்டுவந்தது' என்று பெருமையாகச் சொல்லி விற்றால், அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

விதை வாங்காதீர்கள். நெப்பந்தஸ் விதை நூல் துண்டுபோல மெல்லியதாக இருக்கும், முளைப்புத்திறனைச் சீக்கிரம் இழந்துவிடும். இணையத்தில் பத்து விதை, இருபது விதை என்று பொட்டலத்தில் வருவது உருண்டையாக இருந்தால் அது வேறு ஏதோ செடி. நான் ஒரு முறை விதைத்ததில் கீரை முளைத்தது. நல்ல கீரைதான், குறை சொல்ல முடியாது.

செடியை நேரில் பார்த்து வாங்கினால் குடுவைகளின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். நடுக்குருத்தைப் பாருங்கள். புதிய இலை பளபளப்பாக, புள்ளியில்லாமல் விரிகிறதா? இலையடியில் வெள்ளைப் பஞ்சு இல்லையா? அது போதும்.

படி 2: தண்ணீர்

முதலில் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்குங்கள். பேனா அளவில் இருக்கும் சிறு கருவி, ஒரு தொட்டிச் செடியின் விலைதான் வரும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவை அது காட்டும். குடுவைச் செடிக்கு 50க்குக் கீழே இருந்தால் நலம். 100 வரை சமாளிக்கலாம். எங்கள் வீட்டுக் குழாயில் வைத்துப் பார்த்தபோது 640 என்று காட்டியது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் சித்தி வீட்டில் அதைவிட அதிகம். நாக்குக்குக் கரிக்காத தண்ணீரும் இந்தச் செடிக்குக் கடல்நீர்தான்.

காய்ச்சினால் சரியாகிவிடுமா என்று கேட்பார்கள். ஆகாது. நீர் ஆவியாகி, உப்பு இன்னும் செறிவாகும். இரவு முழுக்கத் திறந்து வைத்தால் குளோரின் போகும், உப்பு போகாது. மண்பானையில் ஊற்றி வைத்தாலும் அப்படித்தான்.

அப்படியானால் எந்தத் தண்ணீர்? நம் வீடுகளில் நான்கு வழிகள் உண்டு.

மிகச் சிறந்தது மழைநீர். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை நமக்கு வேண்டிய அளவு தந்துவிடுகிறது. ஆறங்குலத் தொட்டியில் இருக்கும் ஒரு செடிக்குக் கோடையிலும் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தேவைப்படாது. ஆண்டு முழுவதும் அதே கணக்கில் ஊற்றினாலும் 180 லிட்டர்தான். ஆக, 200 லிட்டர் நீல டிரம் ஒன்று நிரம்பினால் அடுத்த மழைவரை ஒரு செடியின் கவலை தீர்ந்தது. பிடிக்கும் முறையில்தான் கவனம் வேண்டும். முதல் மழையை விட்டுவிடுங்கள். கூரையில் படிந்த தூசியும் கடற்காற்று கொண்டுவந்த உப்பும் அதில்தான் இறங்கும். சிமென்ட் தளத்தில் ஓடிவரும் நீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கும், மீட்டரை வைத்தால் தெரிந்துவிடும். மாடியில் நான்கு மூலையும் கட்டிய தார்ப்பாயின் நடுவிலிருந்து டிரம்முக்கு நேராக இறக்குவதுதான் என் வழக்கம். பிறகு டிரம்மின் வாயை மெல்லிய துணியால் இறுகக் கட்டி, மூடி போட்டு, நிழலில் வைக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும், இடைவெளி இருந்தால் கொசு முட்டையிடும்.

இரண்டாவது ஏசியிலிருந்து சொட்டும் நீர். காற்றின் ஈரம் குளிர்ந்து விழுவதால் உப்பு ஏறக்குறைய இருக்காது. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஓர் இரவில் ஒரு வாளி நிரம்பும். ஏசியைச் சுத்தம் செய்த பிறகு வரும் முதல் இரண்டு நாள் நீரை மட்டும் கொட்டிவிடுங்கள், சுத்தம் செய்யும் மருந்து அதில் கலந்திருக்கலாம். குழாய் அழுக்கேறியிருந்தால் துணியில் வடிகட்டுங்கள். மே மாதத்தில் மழைநீர் தீர்ந்த பிறகு என் செடிகளைக் காப்பாற்றுவது இதுதான்.

மூன்றாவது வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் நீர். இதை நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. பல இயந்திரங்களில் சுவைக்காகத் தாது உப்பைத் திரும்பச் சேர்க்கிறார்கள். சவ்வு பழசானாலும் அளவு ஏறும். மீட்டரில் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். தப்பித் தவறியும் அதன் கழிவுக் குழாய் நீரை ஊற்றாதீர்கள், விலக்கிய உப்பெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

நான்காவது, பேட்டரிக்கு ஊற்றும் வாலை வடிநீர். அவசரத்துக்கு வாங்கலாம். புது பாட்டில் என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஊற்றும் விதம் எளிது. காலையில், வெயில் ஏறுமுன், மேலிருந்து ஊற்றுங்கள். அடித்துளை வழியாக வழிந்து ஓடும்வரை ஊற்றினால் தொட்டிக்குள் சேர்ந்த கொஞ்சநஞ்ச உப்பும் கழுவிப் போகும். கலவை ஈரமாக இருக்க வேண்டும், பிழிந்தால் சொட்டும் அளவுக்குக் கூடாது. தொட்டியைக் கையால் தூக்கிப் பாருங்கள். கனத்தை வைத்தே தேவை புரிந்துவிடும். இரண்டு வாரத்தில் கை பழகிவிடும். கோடையில் தினமும், அடைமழை நாட்களில் மூன்று நாளைக்கு ஒரு முறை என்பது என் அனுபவம்.

அடியில் தட்டு வைத்து நீர் தேக்குவது அமெரிக்கச் சதுப்புநிலச் செடிகளான வீனஸ் பூச்சிப்பொறிக்கும் சரசீனியாவுக்கும் சரி. நெப்பந்தசுக்கு அது வேரழுகலுக்கு அழைப்பு. அதோடு, தட்டில் தேங்கும் நீர் டெங்கு கொசுவுக்குத் தொட்டில். கொசுவால் பரவும் நோய்களுக்கென்றே 1975 முதல் மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் இயங்கும் ஊரில் இருந்துகொண்டு இதை மறக்கலாகாது.

படி 3: மண் இல்லாத தொட்டி

இந்தப் படியில்தான் வீட்டுப் பெரியவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். மண் வேண்டாம், மணல் வேண்டாம், மண்புழு உரம் வேண்டாம், சாணம் வேண்டவே வேண்டாம். வேருக்கு வேண்டியது ஈரத்தைப் பிடித்துக்கொண்டு காற்றையும் விடும் சத்தில்லாத ஒரு படுக்கை.

எனக்கு ஒத்துவந்த கலவை: நீண்ட இழை கொண்ட ஸ்பாக்னம் பாசி இரண்டு பங்கு, பெர்லைட் என்ற எடையில்லாத வெள்ளைக் கல்பொரி ஒரு பங்கு, தேங்காய் மட்டைத் துண்டு ஒரு பங்கு, சுண்டைக்காய் அளவில் உடைத்த அடுப்புக்கரி ஒரு கைப்பிடி. ஸ்பாக்னம் பாசி ஆர்க்கிட் வளர்ப்போருக்கு விற்கும் கடைகளில் காய்ந்த வடிவில் கிடைக்கும். மழைநீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பிழிந்து, உதிர்த்துக்கொள்ளுங்கள். பெர்லைட்டை நனைத்த பிறகே கையாளுங்கள், அதன் தூசி மூச்சுக்கு ஆகாது.

தேங்காய் மட்டை, நார்த்தூள் இரண்டிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தென்னை உப்பை விரும்பி ஏற்கும் மரம், மட்டையை உப்பங்கழியில் ஊறப்போடும் வழக்கமும் உண்டு. கழுவாத நார்த்தூளைப் பிழிந்த நீரில் மீட்டர் ஆயிரத்தைத் தாண்டியதைப் பார்த்திருக்கிறேன். மட்டைத் துண்டுகளைக் குழாய்த் தண்ணீரில் நான்கைந்து முறை ஊறவைத்து வடித்துவிட்டு, கடைசி இரண்டு முறை மழைநீரில் ஊறவையுங்கள். வடித்த நீர் 100க்குக் கீழே வந்தால் பயன்படுத்தலாம். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் மட்டையை விட்டுவிட்டுப் பாசியும் பெர்லைட்டும் மட்டும் கலந்து நடலாம். குறையொன்றும் இல்லை.

தொட்டி பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். மண்தொட்டி அழகுதான், ஆனால் சுவர் வழியாக நீர் ஆவியாகும்போது உப்பு அங்கே வெள்ளையாகப் பூத்துச் சேர்ந்துவிடும். கறுப்பு நிறத் தொட்டியானால் நேர் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அல்லது பெரிய வெள்ளைத் தொட்டிக்குள் அதை இறக்கி வையுங்கள். வேர் வெந்தால் செடி மீளாது. செடி வளர வளரக் குடுவைகள் தொங்க இடம் வேண்டும் என்பதால் தொங்கு தொட்டியே வசதி.

நடும்போது பழைய வேர்க்கட்டியை உதறாதீர்கள். கறுத்த வேர் அழுகிய வேர் இல்லை, இந்தச் செடியின் வேர் நிறமே அதுதான். சுற்றிலும் புதிய கலவையை அடைத்து, விரலால் லேசாகத் தட்டினால் போதும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை கலவையை மாற்றுங்கள், பாசி மக்கிக் குழைந்துவிடும்.

படி 4: இடம்

கிழக்குப் பார்த்த பால்கனி கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம். காலை ஒன்பதரை, பத்து மணிவரை இளவெயில், பிறகு வெளிச்சமான நிழல், பிற்பகலில் கடற்காற்று. பழைய தமிழ் வீடுகளின் முற்றத்தை ஒட்டிய தாழ்வாரமும் அருமையான இடம். மேற்குப் பார்த்த மாடியானால் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே வையுங்கள்.

வெளிச்சம் போதுமா என்பதைச் செடியே சொல்லும். இலை கரும்பச்சையாக, நீளமாக, தொய்வாக வளர்ந்து, நுனியில் குடுவை வராமல் நின்றால் வெளிச்சம் குறைவு. இலை முழுக்கச் செம்பு நிறமேறி, நடுவில் காகிதம்போல வெளுத்தால் அதிகம். இளம்பச்சையும் லேசான சிவப்பும் கலந்திருந்தால் அந்த இடத்திலிருந்து நகர்த்தாதீர்கள். அடிக்கடி இடம் மாற்றினால் உருவாகிக்கொண்டிருக்கும் குடுவைகள் பாதியில் கருகிவிடும்.

ஏசி அறையில் வைக்கலாமா என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. பகலில் சில மணி நேரம் ஓடும் கூடத்தில் வெண்ட்ராட்டா பிழைக்கும், குடுவை குறையும். இரவு முழுக்க ஏசி ஓடும் படுக்கையறை ஆகாது. சன்னல் இல்லாத அறையானால் வெள்ளை எல்.இ.டி. குழல்விளக்கை ஒன்றரை அடி உயரத்தில் நாளுக்கு 12 மணி நேரம் எரியவிடலாம். கடற்காற்று சும்மா கிடைக்கும் ஊரில் அதற்கு என்ன தேவை என்றுதான் எனக்குத் தோன்றும்.

குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், கடலூரில் தேவனாம்பட்டினம் போலக் கடலுக்கு அடுத்தடுத்த தெருக்களில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காற்று சன்னல் கம்பியைத் துருப்பிடிக்க வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே உப்பு இலையிலும் படியும். வாரம் இரு முறை மழைநீரை இலையில் தெளித்துக் கழுவுங்கள். கடலை நேராகப் பார்க்கும் சன்னலைத் தவிர்த்து, ஒரு சுவர் தள்ளி வையுங்கள்.

படி 5: முதல் மாதம் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

கூரியரில் வந்த செடியின் குடுவைகளில் திரவம் சிந்தியிருக்கும். நன்றாக இருக்கும் குடுவைகளில் மட்டும் கால் பாகம் மழைநீர் ஊற்றுங்கள். வந்த குடுவைகள் ஒவ்வொன்றாகக் காயும். பயப்பட வேண்டாம், இடம் மாறியதன் அதிர்ச்சி அது. செடியின் மேல் ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரைத் தளர்வாகக் கவிழ்த்து, நிழலில் வைத்து, மூன்று வாரத்தில் மெல்ல மெல்லத் திறந்துவிடுங்கள். உரமும் பூச்சியும் இந்த மாதம் கிடையாது. புதிய இலை ஒன்று முழுதாக விரிந்தால் செடி உங்கள் வீட்டை ஏற்றுக்கொண்டது. அதன் நுனியில் குடுவை உருவாக மேலும் பல வாரங்கள் ஆகும்.

படி 6: சாப்பாடு

பக்கத்து வீட்டு அக்கா செடியைப் பார்த்த முதல் நாளே கேட்டார்: "கொசுவைத் தின்னுமா?" ஒன்றிரண்டு விழும். கொசு ஒழிப்புக்காக இதை வாங்குவது எறும்பை நம்பி அரிசி மூட்டை இறக்குவதுபோல. இதன் உண்மையான இரை எறும்புகள். பால்கனியில் இருக்கும் செடி தனக்கு வேண்டியதைத் தானே பிடித்துக்கொள்ளும். பழைய குடுவையை அறுத்துப் பார்த்தால் கட்டெறும்பின் ஓடுகள் ஒரு விரற்கடைக்குப் படிந்திருக்கும்.

பூச்சி வராத உள்ளறைச் செடிக்கு மட்டும் நீங்கள் ஊட்டலாம். மீன் தொட்டிக் கடைகளில் விற்கும் காய்ந்த ரத்தப்புழுவை மழைநீரில் நனைத்து, ஒரு குடுவைக்கு ஒரு சிட்டிகை, மாதம் ஒரு முறை. கரப்பான் பூச்சியானால் சிறியதாக இருக்கட்டும். மருந்தடித்துச் செத்ததைப் போடாதீர்கள். எல்லாக் குடுவைக்கும் ஊட்ட வேண்டியதில்லை, ஒன்றிரண்டுக்குப் போட்டாலே செடி முழுவதற்கும் சத்து போய்ச் சேரும்.

1874இல் ஜோசப் ஹூக்கர் என்ற ஆங்கிலத் தாவரவியலாளர் இந்தக் குடுவைகளில் வெந்த முட்டை வெள்ளையும் பச்சை இறைச்சியும் போட்டு, அவை செரிப்பதைக் கண்டு அறிவித்தார். அவருக்கு அது ஆராய்ச்சி. உங்கள் வீட்டில் அது நாற்றம். இறைச்சி, மீன், முட்டை, பால், தயிர்ச்சாதம் எதுவும் வேண்டாம். குடுவை செரிப்பதற்குள் அழுகி, குடுவையும் கருகிவிடும். சோறு வடித்த கஞ்சிக்கும் அரிசி களைந்த நீருக்கும் தனியாகத் தடை போடுகிறேன். நம் கை பழக்கத்தில் அதைத்தான் முதலில் ஊற்றும்.

உரம் தேவையா? முதல் ஆண்டு வேண்டாம். பிறகு, ஆர்க்கிட்டுக்கான உரத்தைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் கால் பங்காகக் கரைத்து, மாதம் ஒரு முறை இலையில் மட்டும் தெளிக்கலாம். வேரில் ஊற்றக் கூடாது.

படி 7: ஆண்டுச் சுற்று

பங்குனியில் வெயில் உறைக்கத் தொடங்கியதும் நிழலைக் கூட்டுங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் காலையிலிருந்து மேற்கே இருந்து உலர்ந்த காற்று வீசும், நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று உள்ளே வரும். கடற்காற்று தாமதமாகும் நாட்கள்தான் ஆபத்தானவை. அப்போது ஈரப்பதம் சட்டென்று இறங்கி, பிஞ்சுக் குடுவைகள் பற்றுக்கம்பி நுனியிலேயே கருகும். செடிகளை ஒன்றாகக் கூட்டி வைத்து, தரையில் தண்ணீர் தெளித்து, ஈரக் கோணியைப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். உச்சிவெயிலில் செடியின் மேல் தெளிக்க வேண்டாம். இந்தக் கோடை நாட்களில் புதிய குடுவை எதிர்பார்க்காதீர்கள், உயிரோடு கடந்தால் போதும்.

ஆடி, ஆவணியில் மாலை இடிமழை தொடங்கியதும் செடி விழித்துக்கொள்ளும். ஐப்பசியிலிருந்து தை வரைதான் நமக்குக் குடுவைக் காலம். அப்போது எங்கள் மாடியில் ஒரு செடியில் பதினான்கு குடுவைகள் எண்ணியிருக்கிறேன். நேரடி மழையில் நனையவிடலாம், ஆனால் நாள்கணக்கில் அடைமழை என்றால் கூரைக்குக் கீழே எடுத்துவிடுங்கள். புயல் அறிவிப்பு வந்தால் யோசிக்கவே வேண்டாம். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் நம் இரண்டு ஊர்களுக்கும் நடுவே கரையைக் கடந்தபோது மரங்களே நிற்கவில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் வந்த இரவில் என் தொங்கு தொட்டிகள் ஏழும் குளியலறையில் இருந்தன. நாங்கள் மூன்று நாள் வாளியைக் கூடத்தில் வைத்துக் குளித்தோம்.

படி 8: நோயும் பூச்சியும்

பூச்சியைத் தின்னும் செடியைப் பூச்சி தின்பது வேடிக்கைதான், ஆனால் நடக்கிறது. முதல் எதிரி மாவுப்பூச்சி. பக்கத்துச் செம்பருத்தியிலிருந்து எறும்புகள் சுமந்து வந்து குடியேற்றும். இலைக்கணுவில் வெள்ளைப் பஞ்சு தெரிந்ததும், கை துடைக்கும் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தெடுங்கள். வாரம் ஒரு முறை, நான்கு வாரம் விடாமல். வேப்பெண்ணெயும் பயன்படும்: ஒரு லிட்டர் மழைநீருக்கு மூன்று மில்லி, ஓரிரு துளி சோப்புக் கரைசல் சேர்த்து, மாலையில், குடுவைக்குள் படாமல். கோடையில் இலை அடியில் மெல்லிய வலை பின்னியிருந்தால் அது சிலந்திப்பேன், நல்ல நீரில் இலையின் அடிப்பக்கத்தைக் கழுவுவதே முதல் மருந்து. புதிய இலை முறுக்கிக்கொண்டு தழும்போடு வந்தால் இலைப்பேன்.

இலை நுனியும் ஓரமும் பழுப்பாகிக்கொண்டே போனால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். தொட்டியிலிருந்து வழியும் நீரை மீட்டரில் பாருங்கள். 200ஐத் தாண்டினால் இரண்டு லிட்டர் மழைநீரை ஒரே மூச்சில் ஊற்றிக் கழுவ வேண்டும். செடி ஈரத்தில் இருந்தும் துவண்டால் வேர் அழுகியிருக்கிறது. மேலே நல்லதாக இருக்கும் தண்டை வெட்டிப் பதியம் போடுவதுதான் ஒரே வழி. குடுவையின் மேல்பாதி காய்ந்தால் பதற வேண்டாம், ஒவ்வொரு குடுவையும் சில மாதங்கள்தான் வாழும். முழுதும் பழுத்துக் காய்ந்த பிறகு வெட்டுங்கள். அதுவரை உள்ளே இருக்கும் சத்தைச் செடி உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

படி 9: வெட்டிப் பெருக்குதல்

மூன்று நான்கு ஆண்டுகளில் செடி கொடியாகி, கம்பியைப் பற்றி ஏறும். கீழ்க்குடுவைகள் பருத்தும், உயரத்தில் வருபவை ஒல்லியாகவும் இருக்கும். கொடி ஓர் ஆள் உயரத்தைத் தொட்டதும் புரட்டாசி வாக்கில் வெட்டுங்கள். அடியில் புதுக்குருத்து வரும், வெட்டிய தண்டிலிருந்து புதுச்செடிகள் கிடைக்கும். ஆண் செடியும் பெண் செடியும் தனித்தனி என்பதால் வீட்டில் விதை எடுக்க முடிவது அபூர்வம். நமக்குக் கத்தரிக்கோல்தான் வழி.

ஆல்கஹாலில் துடைத்த கத்தியால், இரண்டு மூன்று கணு இருக்குமாறு தண்டை வெட்டுங்கள். இலைகளைப் பாதியாக நறுக்கிவிட்டால் நீர் இழப்பு குறையும். அடிக்கணு புதையும்படி ஈரமான ஸ்பாக்னம் பாசியில் நட்டு, கவரைக் கவிழ்த்து, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் கணுவில் பச்சை மொட்டு வீங்கும். வேர் வந்ததா என்று இழுத்துப் பார்க்காதீர்கள். புதிய இலை இரண்டு விரிந்த பிறகு கவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கலாம்.

போன ஆண்டு வேர்விட்ட நான்கில் ஒன்றைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்தேன், ஒரு கேன் மழைநீரோடு. கிழக்குப் பால்கனியில் தொங்கவிட்டிருக்கிறார். இப்போது அதில் ஐந்து குடுவைகள், என்னுடையதைவிடச் சிவப்பாக. கஞ்சி ஊற்றவில்லை என்று சத்தியம் செய்கிறார். வழியும் நீரை நான் ஒருநாள் அவருக்குத் தெரியாமல் மீட்டரில் பார்த்தேன். 38 காட்டியது.